காளி அண்ணன் இன்னும் யோசிக்கிறார்

ஷர்மினிக்குக் கோபம் வலது காலில்தான் தொடங்கும். கெலாங் பாத்தாவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் மூளைக்குச் சேதி போகும் முன்னே கால் மிதித்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது காரில் இல்லை. யுகேந்திரனின் மனைவி நடத்தும் பாலர் பள்ளியின் மாடியில், பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலியில், முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் மிதிக்க ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் பிரேக் அவளுக்கு உதவியிருக்காது. எதிரே இருந்தவர் நகரவே இல்லை.

"கயிறு எவ்ளோ தடிமன் இருக்கும்மா?" என்று கேட்டார் காளிதாஸ்.

"எந்தக் கயிறுண்ணே?"

"பாய்மரத்துக் கயிறு. அப்புறம், காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"வடகிழக்கு. போன வாரமே சொன்னேன்."

"போன வாரம் சரி. இப்போ?"

யுகேந்திரன் வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரேங் பொட்டலத்துக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டான். நஜ்வா நகத்தைப் பார்த்தாள். ஜீவன் மட்டும் தன் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தான்.

அவர்கள் ஆடியது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்க்கும். கதை சொல்பவரை ஜி.எம். என்பார்கள்; அந்த இடம் ஷர்மினியுடையது. கதை ஒரு ஜலசந்தியில் நடந்தது. எந்த வரைபடத்திலும் கிடையாது. மெர்சிங் படகுத்துறையில் நின்று தீவுகளைப் பார்த்தவர்களுக்கு மட்டும் இடம் பிடிபடும். கதையின் முதல் நாளிலேயே வேலப்பன் என்ற கொள்ளைக்கப்பல் தலைவன் ஒரு மீனவக் குடிசையைக் கொளுத்தினான். அந்தக் குடிசையில் பிழைத்த பையன் செம்பன். அது ஜீவனின் பாத்திரம். ரெண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளாகச் செம்பன் அந்தக் கப்பலைத் தேடினான். கடைசியில் கண்டுபிடித்து ஏறியும்விட்டான்.

அந்தச் சண்டைக்கு இது மூன்றாவது ஞாயிறு. தலைவன் மேல் இன்னும் ஒரு கீறல்கூட விழவில்லை.

வியாழக்கிழமை ஜீவன் நிஜக் கப்பலில் ஏறுகிறான். லாயாங் லாயாங் என்ற ஊரில் பிறந்து, படித்த படிப்புக்கு வேலை தேடித் தேடிச் சலித்து, சரக்குக் கப்பலில் இயந்திர அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டவன். "ஆன்லைன்ல ஆடிக்கலாம் லா" என்று நஜ்வா ஒருமுறை சொன்னாள். "நடுக்கடல்ல லைன் கெடைச்சா எங்கம்மாவுக்குப் போன் போடுவேனா, உன்கூட டைஸ் போடுவேனா?" என்றான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்குச் சண்டை முடியாவிட்டால் முடியவே முடியாது. மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும்.

தெரிந்தும் யாரும் காளி அண்ணனிடம் வாய் திறக்கவில்லை.

மேசையில் மூத்தவர் அவர். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். யுகேந்திரனின் அக்கா வீட்டுக்காரர். சண்டை தொடங்கினால் எல்லோரும் பகடை போடுவார்கள். பெரிய எண் விழுந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. இந்த மேசையில் அந்த விதி ஒருநாள்கூட நிலைக்கவில்லை. ஜீவனுக்குப் பெரிய எண் விழும். "அண்ணன் முதல்ல போகட்டும்" என்பான். நஜ்வாவுக்கு விழும். "நீங்க போங்கண்ணே, நான் அப்புறம்" என்பாள். கல்யாணப் பந்தியில் மூத்தவர் இலையில் கை வைக்கும்வரை காத்திருப்பதுபோல் கொள்ளைக்காரர்கள் உட்பட மொத்தக் கப்பலும் வெட்டுக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கும். அண்ணன் காற்றைக் கேட்பார்.

வாயால்தான் மரியாதை. மேசைக்குக் கீழே விரல்கள் வேறு வேலை பார்த்தன.

ஷர்மினியின் போன் துடித்தது. யுகேந்திரன் அனுப்பியிருந்தான்: 'ஷர்மி, அண்ணனைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லேன். பாவம் ஜீவன்.' நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அதே நேரத்தில் காளிதாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நிதானமா யோசிங்கண்ணே. அவசரமே இல்ல."

மறுபடி துடித்தது. நஜ்வா. 'அக்கா நீங்கதான ஜி.எம். நீங்க சொன்னா கேப்பாரு. நான் சொன்னா நல்லா இருக்காது.'

யாருக்கு நல்லா இருக்காது? ஷர்மினிக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. வாரம் முழுக்கக் காளி அண்ணனைவிட வயதானவர்கள் அவள் சொல்லைக் கேட்கிறார்கள். போன வாரம்கூட ஒரு பெரியவர். சிம்பாங்கில், சாலை பிரியும் இடத்தில், நின்று வலது பார்த்து, இடது பார்த்து, கண்ணாடி பார்த்து, மறுபடி வலது பார்த்து, பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹார்ன் அடிக்க அசையாமல் இருந்தார். "எண்ணெய் அமுக்குங்க ஐயா! எல்லாத்தையும் பார்த்து முடிச்சுட்டுத்தான் போவேன்னா இந்த சிம்பாங்லயே வீடு கட்டிக்கணும்!" என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, "சரி டீச்சர்" என்று போனார். காரில் அவள் டீச்சர். இங்கே அவள் ஷர்மி, தங்கச்சி, "ஏன்மா கோவிச்சுக்கிற." காரில் கத்தினால் பாடம். இங்கே கத்தினால் திமிர்.

அதைவிட எரிச்சலாக இருந்தது இன்னொன்று. காளி அண்ணன் கேட்கும் கேள்வியெல்லாம் அவளே எழுதிய விதிகளிலிருந்து வருபவை. பயிற்சிக்கு ஆள் வரும்வரை காரில் காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் எழுதியவை. காற்று எதிரே அடித்தால் அம்பு எவ்வளவு விலகும், ஈரத் தளத்தில் ஓடினால் எப்போது சறுக்கும், தோளில் வெட்டு விழுந்தவன் கயிற்றில் எவ்வளவு நேரம் தொங்க முடியும். எழுதும்போது இருந்த சந்தோஷம் அவளுக்கு வேறு எதிலும் இருந்ததில்லை. யுகேந்திரனுக்கு அதெல்லாம் வேண்டாம். "வெட்டுறேன். எவ்ளோ டேமேஜ்?" அதோடு அவன் கை பிசாங் கோரேங்குக்குப் போய்விடும். நஜ்வாவும் அப்படித்தான். அவள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவர் காளி அண்ணன் ஒருவர்தான்.

அந்த ஒருவரைத்தான் இவர்கள் அவள் கையால் அடக்கப் பார்க்கிறார்கள்.

சுவரோரம் பிள்ளைகளின் பல் துலக்கும் குவளைகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு மணல் கடிகாரம். பல் துலக்கும்போது டீச்சர் கவிழ்த்து வைப்பது. ஷர்மினி எழுந்துபோய் அதை எடுத்துவந்து மேசை நடுவில் டக்கென்று வைத்தாள்.

"இனிமே ஒவ்வொருத்தருக்கும் இவ்ளோதான். மணல் தீர்ந்தா டர்ன் போச்சு."

"அலமாக், ஐயோ" என்றாள் நஜ்வா மெல்ல.

"இது சின்னப் பிள்ளைங்க சாமான்லம்மா" என்று சிரித்தார் காளிதாஸ். அவர் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். "சரி, எங்க விட்டேன்? ஆங், கயிறு. நான் அதை அறுத்தா பாய் எந்தப் பக்கம் விழும்? கீழ யாரு யாரு நிக்கிறாங்க? நம்ம ஆளு எவனாச்சும்..."

மணல் இறங்கியது. ஷர்மினி பதில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். அதற்கும் சொன்னாள். இன்னொன்று கேட்க வாயெடுத்தார். மணல் தீர்ந்தது.

"முடிஞ்சதுண்ணே. அடுத்து நஜ்வா."

காளிதாஸ் மணலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாகியிருந்தது. வேறொன்றும் அங்கே வந்து உட்காரவில்லை.

"பரவால்லக்கா" என்றாள் நஜ்வா அவசரமாக. "அண்ணன் சொல்லி முடிக்கட்டும். எனக்கொண்ணும் இல்ல."

"ஆமா ஷர்மி, என்னா இப்போ? மூணு வாரமா பொறுத்தாச்சு" என்றான் யுகேந்திரன். "அண்ணன் யோசிக்கட்டும். பெரியவரு."

கால் அடங்கிவிட்டது. கோபம் இப்போது தொண்டையில் இருந்தது.

"போனை எடுத்து மேசை மேல வை யுகேன்."

"என்னா?"

"வை. நஜ்வா, நீயும்தான். இப்ப எனக்கு என்னா அனுப்புனீங்களோ அதை வாயால சொல்லுங்க. அவரு எதிர்லதான் உக்காந்திருக்காரு. காது நல்லாக் கேக்குது."

"ஷர்மி, விடு லா..."

"விடமாட்டேன்! ரெண்டு பேரும் நல்ல பேரு எடுத்துக்கிட்டே இருங்க. அண்ணே அண்ணேன்னு தேன் ஒழுகப் பேசிட்டு, கீழ எனக்கு மெசேஜ். அவரை நிறுத்து, அவரை முடிக்கச் சொல்லு. நான் என்னா, உங்க வீட்டு நாயா? நீங்க சூ சொன்னா நான் போய்க் கடிக்கணுமா?"

யுகேந்திரனின் காது சிவந்தது. நஜ்வா போனை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

காளிதாஸ் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாருமா சொன்னீங்க?"

யுகேந்திரன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நான் அனுப்பலண்ணே" என்றான் ஜீவன். "ஆனா நேரா சொல்றேன். எனக்கு இன்னைக்கு முடிஞ்சாகணும். வேலப்பனைப் பார்க்காம என்னால போக முடியாதுண்ணே. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா அவன்கிட்ட நான் போய்ச் சேரவே மாட்டேன்."

இருப்பதிலேயே சின்னவன். அவன் ஒருத்தன்தான் சொன்னான். காளிதாஸின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இதை மொத வாரமே சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?" பெரிய ஆள், பெரிய குரல். குட்டை நாற்காலியிலிருந்து எழுந்தபோது நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்து, பிறகு விழுந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "உனக்காகத்தான்டா நான் கயிறு கயிறுன்னு உயிரை விடுறேன்! பாய் விழுந்தா அவன் ஆளுங்க சிக்கிக்குவானுங்க, நீ நேரா அவன்கிட்டப் போகலாம்னு வழி பார்க்கிறேன். அது புரியல. ஆனா பெரியவரு, நிதானமா யோசிங்க! கேனையன் மாதிரி நானும் யோசிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"அண்ணே, அப்படி இல்லண்ணே..." என்று யுகேந்திரன் தொடங்கினான்.

"நீ பேசாத. துறைமுக கேட்ல என்னை நிக்க விடமாட்டானுங்க தெரியுமா? நகரு, நகருன்னு வாரம் பூரா ஹார்ன். கண்டெய்னர் பூட்டு சரியா விழுந்துச்சான்னு எறங்கிப் பார்த்தாக்கூட பின்னாடி இருக்கிறவன் கெட்ட வார்த்தை பேசுவான். இங்க ஒரு எடத்துல நம்மளை மதிச்சு நிக்க விடுறாங்கன்னு நெனச்சேன். இதுக்குப் பேரு மதிப்பா? மூஞ்சிக்கு நேரா 'வாயை மூடு கெழவா'ன்னு சொல்றவன் தேவலை."

பிறகு ஷர்மினியின் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் நேர்ல செஞ்ச. ஆனா ஒண்ணு கேக்கிறேன். காத்து எந்தப் பக்கம்னு எழுதி வச்சது யாரு? நீதான? இந்த மேசையில அதைக் கேட்டவன் நான் ஒருத்தன். அதுக்கு எனக்குப் பல்லு வெளக்குற மணலா?"

நேராக நெஞ்சில் வந்து விழுந்தது அது. அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைக்காரன் நிழல்துணியை இறக்கிக்கொண்டிருந்தான். வெயில் சாய்ந்துவிட்டது. நேரம் யாருக்காகவும் நிற்கவில்லை.

"எழுதினது நான்தான்" என்றாள். அவளும் எழுந்தாள். "காத்து இருக்குண்ணே. கயிறும் இருக்கு. ஆனா அந்தக் கப்பல்ல உள்ளவன் எவனும் உங்களுக்கு அண்ணன் தம்பி இல்ல. நீங்க காத்தைப் பார்க்கிற நேரம் கத்தி ஏறிடும். இவ்ளோ நாளா நான் அவனுங்களை நிறுத்தி வச்சிருந்தேன், உங்க மரியாதைக்காக. இனி நிறுத்தமாட்டேன்."

மணல் கடிகாரத்தை எடுத்துக் குவளைகள் இருந்த பக்கம் தள்ளிவிட்டாள்.

"உக்காருங்க எல்லாரும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி கப்பல்ல என்னா நிலைமைன்னு நான் ஒரு தடவ சொல்வேன். காத்து, தளம், எவன் எங்க நிக்கிறான். காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. அப்புறம் கேள்வி கெடையாது. பகடை யாரைச் சொல்லுதோ அவங்க உடனே செய்யணும். இழுத்தா எதிரி செய்வான். அண்ணன் போகட்டும், அக்கா போகட்டும்னு எவனாச்சும் சொன்னா அவன் டர்ன் அங்கேயே காலி."

காளிதாஸ் போய்விடுவார் என்றுதான் நினைத்தார்கள். சாவிக்கொத்தை எடுத்தார். விழுந்த நாற்காலியைக் காலால் நிமிர்த்தி, சாவியை மேசையில் ஓங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

ஷர்மினி சொன்னாள். கோபத்தில் சொற்கள் குறைந்தன. காற்று திரும்பிவிட்டது, இப்போது தெற்கிலிருந்து. தளத்தில் எண்ணெய். பெரிய பாய்க்கு அடியில் மூன்று பேர். தலைவன் சுக்கான் பக்கம், தனியாக. பகடைகள் விழுந்தன. மேலே ஜீவன், அடுத்துக் காளிதாஸ்.

"நான்... அண்ணன் வேணும்னா..." என்று ஜீவன் பழக்கதோஷத்தில் இழுத்தான்.

"உன் டர்ன்டா!" மேசையே அதிரக் கத்தினார் காளிதாஸ். "ஓடுடா!"

செம்பன் ஓடினான். எண்ணெயில் சறுக்கி விழுந்தான். அவன் எழும் முன்னே காளிதாஸ் கயிற்றை அறுத்தார். தடிமன் கேட்கவில்லை, பக்கம் கேட்கவில்லை. தெற்குக் காற்று என்றதும் பாய் எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பேர் மேலும் பாய் விழுந்தது. யுகேந்திரனின் முறை. "நான் வந்து..." என்று யோசித்தான். "இழுத்துட்டே" என்றாள் ஷர்மினி. பாய்க்குள்ளிருந்து வந்த ஒரு கத்தி அவன் தொடையில் ஏறியது. "ஏய், இது அநியாயம்!" என்றான். "பேசுற நேரத்துல ரத்தத்தை நிறுத்து" என்றாள் அவள். நஜ்வா கேட்காமலே எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அம்பு விட்டாள். யாரும் யாரிடமும் சமாதானமாகவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவர் மேலிருந்த கோபத்தைக் கொள்ளைக்காரர்கள் மேல் இறக்கினார்கள். மூன்று வாரம் அசையாமல் கிடந்த சண்டை பிய்த்துக்கொண்டு ஓடியது. பிசாங் கோரேங் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

செம்பனின் கத்தி வேலப்பனின் விலாவில் இறங்கியபோது ஜீவன் பகடையைக் கையிலிருந்து விட்டுவிட்டான். அது உருண்டு தரைக்குப் போனது. யாரும் குனியவில்லை.

"விழுந்துட்டான்" என்றாள் ஷர்மினி. "சுக்கான்ல சாஞ்சு கெடக்கிறான். இன்னும் உயிர் இருக்கு. என்னா செய்ற?"

"குத்து! முடி!" என்றான் யுகேந்திரன்.

ஜீவன் கேட்டான்: "அவன் மூஞ்சி எப்படிக்கா இருக்கு?"

யுகேந்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். காளிதாஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"சொல்லும்மா" என்றார் அவர். கோபம் குறையாத குரல்தான். "பையன் கேக்கிறான்ல."

ஷர்மினி உட்கார்ந்தாள். கேள்வி கிடையாது என்ற விதி அவள் போட்டதுதான். அதை அவளே தூக்கிப் போட்டாள். வேலப்பனின் முகத்தைச் சொன்னாள். அம்மைத் தழும்புகள். தாடியில் உப்பு. கொளுத்திய குடிசைகளில் எது செம்பனுடையது என்று நினைவு வராமல் விழிக்கும் கண்கள். ஜீவன் கேட்டுக்கொண்டே போனான். என்னைத் தெரியுதா அவனுக்கு? கையில என்னா வச்சிருக்கான்? ஏதாச்சும் கேக்கிறானா? ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள்.

"தண்ணி கேக்கிறான்" என்றாள் கடைசியில்.

ஜீவனின் மூக்கு விடைத்தது. வேலை இல்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிய அலுவலக வாசல்களெல்லாம் அவன் முகத்தில் வந்துபோயின. "குடுக்கமாட்டேன்" என்றான். "குத்தவும் மாட்டேன். பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். அவன் என்னைப் பார்த்துக்கிட்டேதான் சாகணும்."

"சரி" என்றாள் ஷர்மினி. கடல் அடங்குவதையும் கண்கள் நிலைப்பதையும் அவள் அவசரப்படாமல் சொல்லி முடித்தாள். கதை முடிந்தது. நஜ்வா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காளிதாஸ் ஜீவனின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவருக்கு வந்த ஆசீர்வாதம் அவ்வளவுதான். "ஒழுங்கா போய்ச் சேரு." சாவியை எடுத்தார். மற்றவர்களிடம் ஒரு சொல்லும் இல்லை. படிக்கட்டு முழுக்க அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

யுகேந்திரன் அவள் பக்கம் சாய்ந்தான். "ரொம்பக் கோவமா போறாரு. அக்கா வேற என்னைப் பிடிச்சுத் திட்டும். ராத்திரி நீ ஒரு போன் போட்டுப் பேசிரு ஷர்மி. நீ சொன்னா..."

"எழுந்திரு" என்றாள் அவள்.

"என்னா?"

"காரை எடுக்கிறதுக்குள்ள கீழ ஓடு. உன் மச்சான். உன் வாய். நீ பேசு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. தொடையில் நிஜமாகவே கத்தி ஏறியவன்போல் தயங்கித் தயங்கிக் கதவுவரை போனான். கீழே இயந்திரம் உறுமியது. பிறகுதான் அவன் ஓடினான். நஜ்வாவும் அவன் பின்னாலேயே இறங்கினாள்.

கார்க் கண்ணாடியை யாரோ தட்டும் சத்தம் மாடிக்குக் கேட்டது. கண்ணாடி இறங்கியதா என்று ஷர்மினி எட்டிப் பார்க்கவில்லை.